தடியங்காய்க்கு மீசை கிடையாது

பாதி மீசையோடு ஒருவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது பக்கத்து மீசை எண்ணெய் மினுக்கோடு, முறுக்குக் கலையாமல் நின்றது. இடது பக்கம் வெறும் சோப்பு நுரை. நுரைக்கு நடுவே கடுகளவு ரத்தம். காணாமல் போன மீசை, பக்கத்தில் நின்ற என் மாணவர் தேவசகாயம் அண்ணாச்சியின் கத்தியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மீசைக்காரர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"என்ன மாப்ளே, இந்தப் பக்கம் மட்டும் சிலுசிலுன்னு காத்து அடிக்கே?" என்று என்னிடம் கேட்டார்.

நான் முதலில் செய்த காரியம், சுவரில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டதுதான். அது எதற்கு உதவும் என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. அன்று காலையிலிருந்து எனக்குத் தெரிந்து நடந்த காரியம் எதுவுமே இல்லை.

அவர் பெயர் சங்கரலிங்கம். எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துவரும்படி அவருடைய தகப்பனார் சேரன்மகாதேவியிலிருந்து அனுப்பியிருந்தார். பெண், அவருடைய தங்கை பேச்சியம்மாள். எனக்கு முறைப்பெண்தான். கொழும்பில் இருந்த வருஷங்கள் முழுக்க அவளை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொன்னால் இந்த வயதில் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நாற்காலி வந்த வழி

சென்ற வாரம் சொன்ன கதையில் என்னைக் கொழும்புத் துறைமுகத்துச் சலூனில் மாலுமிகளுக்குக் கிராப்பு வெட்டவிட்டு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து தூத்துக்குடிக்குக் கப்பல் ஏறி, ஊர் திரும்பிய பிறகு நடந்த கதை இது.

நாங்கள் குடிமகன் வீட்டுப் பிள்ளைகள். ஊருக்கு முடி இறக்குவதும், கல்யாண மாப்பிள்ளைக்கு முகம் வழிப்பதும், சாவு வீட்டில் சங்கு ஊதுவதும் தலைமுறை தலைமுறையாக எங்கள் வேலை. எந்தத் தெரு யாருக்கு, எந்த வீடு யாருக்கு என்று எங்களுக்குள் பாகம் பிரித்திருக்கும். அண்ணன் தம்பி நிலம் பிரிப்பதுபோல நாங்கள் தலைகளைப் பிரித்துக்கொள்வோம். இந்தத் தொழிலை யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது கிடையாது. அப்பா பேசக் கற்றுக்கொடுத்தாரா என்று கேட்டால் என்ன சொல்வோம்? அதே மாதிரிதான்.

பாளையங்கோட்டையில் மிஷன்காரர்கள் ஒரு தொழிற்பள்ளி நடத்திவந்தார்கள். தச்சு, நெசவு, தையல், அச்சுக் கோர்ப்பது எல்லாம் அங்கே உண்டு. அதன் பாதிரியாருக்கு ஒரு யோசனை உதித்தது. கோர்ட்டுக் கச்சேரிக்குப் போகும் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒழுங்காகக் கிராப்பு வெட்ட ஆளில்லை. ஆகவே முடி திருத்துவதையும் ஒரு வகுப்பாக வைத்தால் என்ன? கொழும்பில் இருந்துவிட்டு வந்தவன் என்று என்னைக் கூப்பிட்டு விட்டார்கள்.

பாதிரியார் அச்சுப் புத்தகம் மாதிரித் தமிழ் பேசுவார். "தச்சன் பத்து வருஷத்தில் மேஸ்திரி ஆகிறான். உமது தொழிலைக் கற்றவன் பத்து வருஷத்தில் என்ன ஆவான்?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். என் அப்பா என்ன ஆனார்? அவருடைய அப்பா என்ன ஆனார்?

"வயசாகும் ஐயா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வேலை உமக்குத்தான் என்றார். என் பதிலில் அவருக்கு என்ன பிடித்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

காய் சிரைத்த வகுப்பு

மாணவர்கள் என்றதும் சிலேட்டும் பலப்பமுமாக நினைத்துவிட வேண்டாம். எல்லோரும் மீசை நரைக்கத் தொடங்கிய ஆண்பிள்ளைகள். அவர்களில் மூத்தவர் தேவசகாயம் அண்ணாச்சி. என்னைப்போல இரண்டு பங்கு வயது. நாங்குநேரி ரஸ்தாவில் பார வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். வண்டி குடைசாய்ந்து கால் முறிந்த பிறகு மாட்டோடு ஓட முடியவில்லை. நின்ற இடத்தில் செய்கிற வேலை வேண்டும் என்று வந்தார். என்னை 'வாத்தியாரே' என்பார். நான் அவரை 'அண்ணாச்சி' என்பேன். இதில் யாருக்கு யார் எழுந்து நிற்பது என்பது கடைசிவரை முடிவாகவில்லை. வகுப்புக்குள் நான் நுழைந்தால் அவர் எழுந்திருப்பார், அவர் எழுந்துவிட்டாரே என்று நானும் உட்காராமல் நிற்பேன். பாதி வகுப்பு இப்படி நின்றே போகும்.

கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். யார் கழுத்தில் கற்றுக்கொடுப்பது? சந்தைக்குப் போய்த் தடியங்காய்ப் பிஞ்சுகளாகப் பொறுக்கி வந்தேன். வெள்ளைப் பூசணி என்று வடக்கே சொல்வார்களே, அந்தக் காய்தான். பிஞ்சாக இருக்கும்போது மேலெல்லாம் சுணை, பூனை மயிர் மாதிரி நிற்கும். காயில் கீறல் விழாமல் அதை வழித்து எடுத்தால் கை தேறிவிட்டது என்று அர்த்தம். கீறல் விழுந்த காய்கள் பள்ளிச் சமையலுக்குப் போகும். முதல் மாதம் பூராவும் பள்ளிக்கூடத்தில் தடியங்காய்க் குழம்புதான். தச்சுப் பட்டறைக்காரர்கள் எங்களைக் கண்டால் முறைப்பார்கள்.

காய்க்குப் பிறகு போர்டிங் பிள்ளைகளின் தலைகள். பிறகு கிராப்பு.

நான் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. கத்தியை இழுக்கத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்தாதே. தயங்கி நின்ற கத்திதான் தோலை வெட்டும். இழுத்த இழுப்பை முடி, பிறகு யோசி. இந்தப் பாடத்தைத் தேவசகாயம் அண்ணாச்சி அளவுக்கு மனதில் வாங்கிக்கொண்டவர் யாரும் இல்லை.

இதற்கிடையில் வந்துபோகிறவர்களுக்கு வேறு குழப்பங்கள். தச்சு வகுப்புக்காரர்கள் செய்து கொடுத்த நாற்காலியில் ஒரு வக்கீல் வந்து உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் சவரம் என்றால் இருவரும் தரையில் எதிரெதிரே குந்தி உட்காருவதுதான் வழக்கம். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் நாற்காலியில இருக்கேன், நீ நிக்கே. அது சரி. ஆனா என் தலை உன் நெஞ்சுக்குக் கீழ கெடக்கே. இதுல யாரு ஒசத்தி?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் வெட்டிக்கொண்டு போனார்.

இன்னொரு குமாஸ்தாவுக்கு வேறு மாதிரிச் சந்தேகம். குடிமகன் கை பட்டால் வீட்டுக்குள் நுழையுமுன் குளிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வெட்டியது குடிமகன் இல்லையே, வேதத்தில் சேர்ந்த கிறிஸ்தவ வண்டிக்காரர் அல்லவா, இப்போது குளிக்க வேண்டுமா வேண்டாமா? கச்சேரிக்கு நேரமாகிவிட்டது என்று வாசலில் நின்று வெகு நேரம் யோசித்தார். யோசித்த நேரத்தில் குளித்தே இருக்கலாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. எங்கள் கை படாமல் அவர்கள் வீட்டில் பிள்ளை பெயர் வைக்க முடியாது, கல்யாணம் நடக்காது, பிணம் நகராது. ஆனால் பட்ட பிறகு முழுக வேண்டும். இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தும் எனக்கு விளங்கியதே இல்லை.

சம்மதம் சொன்ன வாய்

எங்கள் ஆட்களுக்கு இருந்த கோபம் இதைவிடப் பெரிது. 'ஊரான் கையில கத்தியக் குடுத்துட்டான்' என்று பேச்சு. தெருவையும் வீட்டையும் பாகம் பிரித்துப் பிழைக்கிறவர்கள் மத்தியில், யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம் என்று ஒருவன் கிளம்பினால் என்ன ஆகும்? பாகமே இல்லாமல் போய்விடும். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என் தலைக்குள்ளும் அந்தச் சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது.

உறவுக்காரர்கள் கூடிப் பேசி, வகுப்பை விடாவிட்டால் என் கல்யாணத்துக்கு எவனும் முகம் வழிக்க வர மாட்டான் என்று முடிவு கட்டினார்கள். குடிமகன் முகம் வழிக்காமல் எங்களில் மாப்பிள்ளை மணையேற முடியாது.

பேச்சியம்மாளின் தகப்பனார் சுடலைமுத்து மாமா பிடிவாதக்காரர். யார் சொல்வதையும் கேட்டு முடிவு செய்கிறவர் இல்லை. "என் மகன் போய்ப் பார்க்கட்டும். அவன் கண்ணுக்கு மரியாதையான வேலையாத் தெரிஞ்சா தையில கல்யாணம். இல்லேன்னா இல்ல" என்று சொல்லிவிட்டார்.

அப்படி வந்தவர்தான் சங்கரலிங்கம் மச்சான். வேலை பார்ப்பதை வேடிக்கை பார்த்தார். கத்தி தீட்டும் தோலைத் தடவிப் பார்த்தார், படிகாரக் கட்டியை முகர்ந்து பார்த்தார். பிறகு, தாமே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உம்ம ஆளுகள்ல ஒருத்தரு எனக்குச் சவரம் பண்ணட்டும். மீசைக்குக் கீழ் ஓரத்தை மட்டும் ஒதுக்கட்டும். கையைப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

என் மாணவர்களில் கை சுத்தமானவர் தேவசகாயம் அண்ணாச்சி. அவரைத்தான் விட்டேன். கன்னம் இரண்டும் கண்ணாடி மாதிரி வந்தன. மச்சான் கண்ணை மூடிச் சுகமாகச் சாய்ந்துவிட்டார். அண்ணாச்சி மேல் உதட்டுக்கு வந்தார். காய்க்குப் பூசுவதுபோல இடது பக்கம் முழுக்க நுரையைப் பூசினார். இடது பக்கத்து மீசை நுரைக்குள் மறைந்துபோனது.

அந்த நேரத்தில் மச்சான் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"வேலை சுத்தமாத்தான் இருக்கு மாப்ளே. எனக்குச் சம்மதம்."

சிரித்ததில் உதடு மேலே ஏறியது. ஓரத்தில் நின்ற கத்தி மீசைக்குள் இறங்கியது. இறங்கியதை அண்ணாச்சி உணர்ந்துவிட்டார். ஆனால் இழுத்த இழுப்பை நடுவில் நிறுத்தக்கூடாது என்பது வாத்தியார் சொன்ன பாடம். முடித்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மாணவர்கள் இத்தனை மாதமாகக் கை பழகியது தடியங்காயிலும் போர்டிங் பிள்ளைகள் தலையிலும். தடியங்காய்க்கு மீசை கிடையாது. போர்டிங் பிள்ளைகளுக்கும் கிடையாது. வக்கீல்களும் குமாஸ்தாக்களும் வந்தது கிராப்புக்கு மட்டும்தான். தங்கள் முகத்தில் இருந்த மீசையைத் தவிர வேறு மீசையை அவர்கள் கையால் தொட்டதே இல்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

களவாணியா, தகப்பன் இல்லாதவனா

கண்ணாடியை எத்தனை நேரம் மறைப்பது? மச்சான் கையை உயர்த்தித் தடவினார். இடது பக்கம் போன கை அங்கேயே நின்றது.

"மாப்ளே, கண்ணாடியக் குடும்."

கொடுத்தேன். பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியை மெதுவாக மடியில் கவிழ்த்து வைத்தார். அதுதான் பயமாக இருந்தது. தேவசகாயம் அண்ணாச்சி கத்தியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். "வண்டியே கதின்னு கெடந்திருக்கணும் நான்" என்று விசும்பினார்.

விஷயம் வெறும் அழகு இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பக்க மீசையை எடுப்பது, களவாணியைப் பிடித்தால் செய்கிற அவமானம். முழு மீசையையும் எடுப்பது, தகப்பன் செத்தால் மகன் செய்கிற காரியம். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி கிடையாது.

"நீரே சொல்லும் வே" என்றார் மச்சான். "நான் களவாணியா ஊருக்குப் போகணுமா, அப்பன் இல்லாதவனாப் போகணுமா?"

விஷயம் கேள்விப்பட்டு வந்த பாதிரியார், வலது பக்கம் மீசை நன்றாகத்தானே இருக்கிறது, அதை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டார்.

கடைசியில் மச்சானே முடிவு செய்தார். "எடுத்துரும். அப்பாகிட்ட நேராப் போய் நடந்ததைச் சொல்லிருதேன். அவரு உசுரோட இருக்காருல்லா, பார்த்தாத் தெரிஞ்சிரும்."

வலது பக்கத்தை நானே எடுத்தேன். மச்சான் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கிளம்பினார். அவரைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை. நானும் கூடப் போனேன். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்பது அப்போது எனக்கு நினைவே இல்லை.

சங்கு

திருநெல்வேலிப் பாலத்து ஸ்டேஷனில் செங்கோட்டை ரயில் ஏறினோம். வண்டி முழுக்க நிலக்கரிப் புகை, வெற்றிலை வாசனை. மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, துண்டை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. புகை பட்டு அவர் கண் சிவந்துவிட்டது. எதிரே இருந்தவர் என்னிடம் குனிந்து, "யாரு தவறிட்டாக?" என்று மெதுவாகக் கேட்டார். அப்போதாவது நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சேரன்மகாதேவியில் இறங்கினோம். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். துண்டால் வாயைப் பொத்திய ஆண்பிள்ளை எங்கள் ஊர்ப்பக்கத்தில் அழுகிற ஆண்பிள்ளைதான். தெருமுனையில் மச்சானின் சித்தப்பா ஒருவர் எதிர்ப்பட்டார். என்ன ஏது என்று பதறித் துண்டைப் பிடித்து இழுத்தார். மீசை இல்லாத உதட்டைப் பார்த்தார். பின்னால் நிற்கும் என்னைப் பார்த்தார். கட்டிக்கொள்ளப் போகிறவனே வீடு வரை வந்திருக்கிறானே, இனி என்ன சந்தேகம்?

"ஐயோ அண்ணே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல சித்தப்பா! அப்பா நல்லா இருக்காரு!" என்று மச்சான் கத்தினார்.

"தாங்கமாட்டாமப் பெனாத்துதானே பிள்ள" என்று சித்தப்பா அவரைக் கட்டிக்கொண்டு மேலும் அழுதார்.

"அப்பாவை எங்க? வீட்ல இருக்காருல்லா?" என்று மச்சான் கேட்டார்.

சுடலைமுத்து மாமா வீட்டில் இல்லை. ஆழ்வார்குறிச்சியில் ஒரு கல்யாண வீட்டு வேலைக்குப் போயிருந்தார். எங்களுக்கு அது தெரியாது. அவர்களுக்கு அது தெரியும். ஆழ்வார்குறிச்சியில் வைத்துத்தான் போய்விட்டது உயிர் என்று அவர்களே கதையை முடித்துவிட்டார்கள். வீடு வரைக்கும் மச்சான், "எங்கப்பா நல்லா இருக்காரு, நல்லா இருக்காரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லச் சொல்லப் பெண்களின் ஒப்பாரி கூடிக்கொண்டே போனது.

மற்ற தெருக்களில் சாவு விழுந்தால் சங்குக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் சங்கு வீட்டுக்கு வீடு இருக்கும். யாரோ எடுத்து ஊதிவிட்டார்கள்.

நான் வாசலில் நின்றேன். அழுகையும் சங்கும் காதை அடைத்தன. எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. மாமா உண்மையிலேயே செத்துப்போய்விட்டாரோ? இவ்வளவு பேர் அழும்போது ஒருவன் மட்டும் இல்லை என்று நினைப்பது சுலபமில்லை.

அப்போது பேச்சியம்மாள் வெளியே ஓடி வந்தாள். அவளுக்குத் தாய் இல்லை. தகப்பனார்தான் எல்லாம். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் அவள் அழவில்லை. அண்ணன் முன்னால் வந்து நின்று அவர் உதட்டைப் பார்த்தாள். கை நீட்டி அவருடைய தலைப்பாகையைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தாள்.

அவிழ்ந்த குடுமி மச்சானின் தோளில் விழுந்து இடுப்பு வரை புரண்டது.

அழுகை அங்கங்கே அறுந்தது. தகப்பன் செத்தால் மீசையோடு தலையும் இறங்க வேண்டும். குடிமகன் தெருவில் ஒருவருக்குக்கூட அது நினைவுக்கு வரவில்லை.

"தலையில முடி இருக்கு" என்றாள் பேச்சியம்மாள். "எங்கப்பா இருக்காரு." சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

செத்தவர் கேட்ட கேள்வி

அதற்குள் பிணத்தை எடுத்துவர இரண்டு பேர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். ஆழ்வார்குறிச்சிக்கு வண்டி எப்போது என்று விசாரித்துக்கொண்டு நின்றபோது, அங்கிருந்து வந்த வண்டியில் சுடலைமுத்து மாமா அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். அடைப்பம் என்பது நாங்கள் கத்தி கத்தரி வைத்துக்கொள்ளும் தோல் பை. அவரைக் கண்டதும் இரண்டு பேரும் வாயடைத்து நின்றார்களாம்.

"ஏலே, நம்ம தெருவுல சங்கு கேக்கு. யாருலே செத்தா?"

ஒருவன் மற்றவனைப் பார்த்தான்.

"சொல்லுங்கலே!"

"நீருதான் மாமா" என்றானாம் ஒருவன்.

மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. மகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் தலையைத் தடவிக்கொண்டே மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூடியிருந்த உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஊதிய சங்குக்கு ஒரு பிணம் வேண்டும் என்றார் ஒருவர். வைக்கோலில் ஆள் செய்து எரித்துவிடலாம் என்றார் இன்னொருவர். இது சாவு வீடா, இல்லையா? சாவு வீடென்றால் வருஷம் திரும்பும்வரை கல்யாணம் கூடாது. சாவு வீடு இல்லையென்றால் மகனுக்கு மீசை எங்கே? ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். ஊரானுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவனுக்குப் பெண் கிடையாது. கற்றுக்கொடுத்ததன் லட்சணத்தைத்தான் பார்த்தாயிற்றே.

வகுப்பை விட்டுவிடுகிறேன் என்று ஒரு சொல் சொன்னால் ஒருவேளை எல்லாம் சரியாகிவிடும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. தேவசகாயம் அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டது கண் முன்னால் வந்தது. நொண்டிக் காலோடு அவர் எங்கே போவார்? இரண்டில் எதையும் விட மனம் இல்லாமல், வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமா மகனின் முகத்தைத் திருப்பிக் கட்டைவிரலால் உதட்டைத் தடவினார்.

"எப்படிலே போச்சு?"

"சம்மதம்னு சொன்னேன்ப்பா. சொல்லயில போச்சு."

"என்னது?"

"வேலை சுத்தமா இருக்கு, எனக்குச் சம்மதம்னு சொல்லிச் சிரிச்சேன். கத்தி இறங்கிட்டு."

உறவுக்காரர்கள் திரும்பவும் ஆரம்பித்தார்கள். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பேச்சியம்மாளின் குரல் வந்தது.

"மீச மொளைச்சிரும்ப்பா. அண்ணன் சொன்ன சொல்லு என்ன ஆகும்?"

பெரியவர்கள் பேசும்போது பெண்பிள்ளை பேசியதற்கு ஆளுக்கு ஆள் அதட்டினார்கள். மாமா கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார்.

"நான் செத்துட்டேன்னு எல்லாரும் அழுதாச்சு. இனி எனக்கு யாரும் யோசனை சொல்ல வேண்டாம். இவன் மீச வளரட்டும். வளந்த பெறவு கல்யாணம்."

தையில் நடக்க வேண்டிய கல்யாணம் மச்சானின் மேல் உதட்டுக்காகக் காத்து நின்றது. அவரைப் பார்க்கிறவர்கள் எல்லாம் சௌக்கியம் விசாரிப்பதற்கு முன்னால் மீசையை விசாரித்தார்கள். மாசி போய்ப் பங்குனியும் போய், வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. சொன்னபடியே உறவில் யாரும் எனக்கு முகம் வழிக்க வரவில்லை. தேவசகாயம் அண்ணாச்சிதான் வழித்தார். அது கல்யாணச் சவரமாகுமா ஆகாதா என்று இன்றுவரை எங்கள் உறவில் இரண்டு கட்சி உண்டு. பேச்சியம்மாள், 'உமக்குப் பெண்டாட்டியா நான் இருக்கேனே, அதுக்கு அதான் சாட்சி' என்பாள். பந்தலில் மச்சான் மட்டும் அண்ணாச்சி இருந்த பக்கமே வரவில்லை. வாய் நிறையச் சிரிக்கவும் இல்லை.

ஆற்றங்கரையில்

பிறகு பெரிய யுத்தம் வந்தது. சீமையிலிருந்து கத்தியும் கத்தரியும் வருவது நின்று, வகுப்பும் நின்றது. தேவசகாயம் அண்ணாச்சி திருநெல்வேலி டவுணில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டுக் கடை வைத்தார். ஒரு நாற்காலி இரண்டானது. நான் அந்தப் பக்கம் போனால் அப்போதும் எழுந்து நின்றுவிடுவார்.

ஊரெல்லாம் காய்ச்சலில் விழுந்த வருஷத்தில் சுடலைமுத்து மாமா போய்விட்டார். இந்த முறை நிஜமாகவே. சங்கு ஊத மச்சானுக்கு மனம் வரவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் யாரோ ஊதினார்கள்.

காரியத்தன்று மச்சானுக்கு முடி இறக்க வேண்டும். தெரு முழுக்கப் பங்காளிகள், எல்லோருக்கும் தீட்டு. எனக்கு மருமகன் முறை, நான் தொடக்கூடாது. பக்கத்து ஊர்க்காரர்கள் காய்ச்சலில் கிடந்தார்கள். ஊருக்கே முடி இறக்குகிறவர்கள் தெருவில் முடி இறக்க ஓர் ஆள் இல்லை.

"டவுணுக்கு ஆள் அனுப்புங்க. தேவசகாயம் வரட்டும்" என்றார் மச்சான்.

"அவரு நம்ம ஆளு இல்லையேலே. வேதக்காரரு வேற" என்றார் சித்தப்பா.

"என் மீசையில பாதிய எடுத்தவரு அவருதான. இப்பவும் அவரே எடுக்கட்டும்."

தாமிரபரணியில் தண்ணீர் குறைந்து, படித்துறைக்குக் கீழே மணல் தெரிந்தது. மச்சான் முழுகி எழுந்து ஈரத்தோடு மணலில் உட்கார்ந்தார். அண்ணாச்சி காலை ஒருபக்கமாக நீட்டி அவர் எதிரே உட்கார்ந்தார். தலையை இறக்கினார். குடுமி மணலில் விழுந்தது. பிறகு மேல் உதட்டில் தண்ணீரைத் தடவினார். இடது பக்கத்து மீசையை ஒரே இழுப்பில் எடுத்தார். எடுத்தவர் நின்றுவிட்டார்.

"என்ன வே, பாதியில நிக்கீரு?"

"முடியல தம்பி."

"பைய எடும்." மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். "அன்னைக்கு ஸ்டேஷன்ல இருந்து வீடு வரைக்கும், எங்கப்பா நல்லா இருக்காருன்னு சொல்லிக்கிட்டே போனேன். ஒருத்தரும் நம்பல. இன்னைக்கும் அதையே சொல்லிக்கிட்டுப் போகணும்போல இருக்கு வே."

அண்ணாச்சி தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வலது பக்கத்தையும் எடுத்தார். ஒரு கீறல் இல்லை. ஆற்றில் கத்தியை அலசினார்.

மச்சான் கையை உயர்த்தி உதட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு நான் நிற்கும் பக்கம் திரும்பினார். என் கையில் அன்று மறைப்பதற்குக் கண்ணாடிகூட இல்லை.

"ரெண்டு பக்கமும் காத்து அடிக்கு மாப்ளே" என்றார்.